வெள்ளி இல்லாத வெள்ளியுருக்கு

வடமராட்சியில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கம்மாலை நடத்திய பெரியவர் ஒருவர், இப்போது தமது மகனின் குடும்பத்துடன் இங்கு அடுக்குமாடி வீடொன்றில் வசித்து வருகிறார். பேரனுக்கு மரவேலை பழக்கவெனச் சிறிய உளி ஒன்றைத் தாமே செய்துகொடுக்க விரும்பினார். மகன் கணக்காளர், இரும்பைத் தொட்டறியாதவர். கட்டடப் பொருட்கள் விற்கும் கடைக்குச் சென்று, 'ஸ்ரீல்' என்று எழுதியிருந்த கம்பி ஒன்றை வாங்கிவந்தார். கம்பியைக் கையில் எடுத்த மாத்திரத்தில் பெரியவர் தலையை அசைத்துவிட்டார். "இது தோய்ச்சல் எடாது" என்றார். மகன் ஏற்கவில்லை; உருக்கென்று எழுதித்தானே விற்கிறார்கள் என்று வாதிட்டார். நண்பர் ஒருவரின் வாகனத் திருத்தகத்தில் அதனைப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, நீரில் தோய்த்து உளியாக்கிக் காட்டினார் தந்தை. பார்வைக்கு உளி அழகாகவே இருந்தது. வலிய மரத்தில் நான்கு அடி விழுந்ததும் நுனி மடங்கிவிட்டது.

அடுத்த வாரம் மகன் கருவிகள் விற்கும் கடையொன்றில் விசாரித்து, கண்ணாடிபோல் மினுங்கும் ஒரு சாண் நீளக் கம்பியைக் கொண்டுவந்தார். பெரியவர் அதன் ஓரத்தை அரத்தால் ஒருமுறை இழுத்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. உறையில் 'சில்வர் ஸ்ரீல்' என்று எழுதியிருப்பதை மகன் படித்துக் காட்டியபோது, அங்கிருந்த எம்மிடம் அவர் கேட்ட கேள்வியே இக்கட்டுரைக்குக் காரணம். "தம்பி, இதுக்குள்ளை வெள்ளி கிடக்கோ?"

கிடக்கவில்லை. ஆனால் அந்தப் பதிலோடு நின்றுவிட முடியாதவாறு அந்தக் கம்பியின் கதை எம்மை இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாகப் பின்னோக்கி இழுத்துச் சென்று, ஈற்றில் எமது வாசலிலேயே கொண்டுவந்து விட்டது.

முதலில் பெரியவர் தொட்டறிந்ததை நூல்கள் எவ்வாறு கூறுகின்றன எனப் பார்ப்போம். இரும்பு உருக்காவது அதனுள் சேரும் காபனால். கட்டடத்துக்குப் போடும் சாதாரணக் கம்பியில் காபன் பெரும்பாலும் கால் வீதத்துக்கும் குறைவு. அதை எத்தனை முறை காய்ச்சித் தோய்த்தாலும் வெட்டுவாய் நிற்குமளவுக்கு வைரம் ஏறாது. லொறியின் வில்லுத்தகட்டில் ஏறத்தாழ அரை வீதம் முதல் 0.6 வீதம் வரை இருக்கும். தண்டவாளத்தில் அதனினும் சற்றுக் கூடுதலாக இருக்கும். நல்ல அரத்தில் ஒரு வீதத்துக்கும் மேல். கண்ணுக்கு இவை யாவும் ஒன்றுதான். சாணைக்கல்லில் பிடித்தால் வேறுபாடு தெரியும். மெல்லிரும்பின் பொறி நீண்ட கோடாய்ப் பறந்து அணையும். காபன் மிகுந்த உருக்கின் பொறி மத்தாப்புப் போலக் கிளைவிட்டு வெடிக்கும்.

ஊரில் எமது கொல்லர்கள் உருக்கைக் கடையில் வாங்கியவர்களல்லர் என்பதை நம்முள் மூத்தவர்கள் அறிவார்கள். பழைய லொறி வில்லுத்தகடு கத்தியாயிற்று. தேய்ந்த அரம் உளியாயிற்று. உடைந்த அச்சு அலவாங்காயிற்று. 1990 இல் வடக்கிற்கான பொருளாதாரத் தடை வந்தபோது இரும்பும் தடைப்பட்ட பொருட்களுள் ஒன்றாயிற்று. அவ்வாண்டு யூன் மாதத்துடன் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றுபோயிற்று. 2014 இல்தான் அது மீண்டும் ஓடியது. இடைப்பட்ட காலத்தில் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளின் கூரைகளாயின. தண்டவாளத் துண்டு ஒன்று கையிற் கிடைத்தவருக்கு அதுவே பட்டடையுமாயிற்று. தடை 2002 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் பாளைக்கத்திக்கும் மண்வெட்டிக்கும் எந்தத் துண்டு ஏற்றது என்று தெரிவு செய்தவர்களின் அறிவு புத்தக அறிவன்று. பாளைக்கத்தி சற்று மென்மையாக இருந்தால் பாளை நசியும். சற்று வைரம் மிஞ்சினால் வாய் தெறிக்கும். பொருளைத் தெரிவதில் தவறினால் வீணாவது ஒரு குடும்பத்தின் அன்றைய உழைப்பு.

இதே இக்கட்டு இங்கிலாந்தில் மணிக்கூடு செய்த ஒருவருக்கும் நேர்ந்தது. பெஞ்சமின் ஹன்ற்ஸ்மன் 1704 இல் லிங்கன்ஷயரில் பிறந்தவர், குவேக்கர் சமயத்தவர், டொன்காஸ்ரர் என்னும் ஊரில் மணிக்கூடு செய்தும் பூட்டுகளையும் கருவிகளையும் திருத்தியும் பிழைத்தவர். அக்காலத்தில் அவருக்குக் கிடைத்தது 'கொப்புள உருக்கு' என்று சொல்லப்பட்ட ஒன்று. சுவீடனிலிருந்து வந்த தேனிரும்புப் பாளங்களை மரக்கரித் தூளுக்குள் புதைத்து, காற்றுப் புகாதவாறு மூடி, ஒரு வாரமளவில் தீயில் வைத்திருப்பர். காபன் வெளியிலிருந்து உள்ளே ஊறும். ஊறிய பாளத்தின் மேல் கொப்புளங்கள் எழும்பியிருக்கும். பெயர் அதனால் வந்தது. குறை என்னவெனில், பாளத்தின் தோல் உருக்காக இருக்கும், நடுப்பகுதி இரும்பாகவே கிடக்கும். அதை மடித்து மடித்து அடித்து ஓரளவு கலக்கலாம். ஏர்முனைக்கு அது போதும். மணிக்கூட்டுச் சுருள்வில்லுக்குப் போதாது. நூல்போன்ற வில்லில் எங்காவது ஓரிடம் மென்மையாக இருந்தால் அவ்விடத்தில் அது சோரும். எங்காவது கசடு இருந்தால் அவ்விடத்தில் முறியும்.

வணிகரைக் குறைகூறிக்கொண்டிருப்பதில் பயனில்லை என்று கண்ட அந்த மனிதர், தமக்கு வேண்டிய உருக்கைத் தாமே ஆக்கத் துணிந்தார். 1740ஆம் ஆண்டளவில் ஷெஃபீல்ட் நகருக்கு அண்மையிலுள்ள ஹான்ஸ்வேர்த்துக்குக் குடிபெயர்ந்து பல ஆண்டுகள் சோதனை செய்தார். கொப்புள உருக்கைத் துண்டுகளாக்கி, மூடிய மண்மூசையில் இட்டு, கற்கரித் தீயில் முழுவதுமாக உருக வைத்தார். நகைத்தொழிலாளர் பொன்னை உருக்குவது போலத்தான். ஆனால் பொன் 1064 பாகையில் உருகும், உருக்குக்கோ ஏறத்தாழ 1500 பாகை வேண்டும். அந்த வெப்பத்தைத் தாங்கும் மூசையைக் கண்டுபிடிப்பதிலேயே பெரும்பாடு இருந்தது. உருகியபின் கசடு மேலே மிதந்துவிட, காபன் எங்கும் ஒரே அளவாய்க் கலந்த உருக்கு கிடைத்தது. அவர் தொழிற்சாலையைச் சுற்றிப் பல இடங்களில், பழுதாகிப்போன உருக்குக் கட்டிகள் நிலத்தில் புதைக்கப்பட்டிருந்தமை பின்னர் தெரியவந்ததாக 19ஆம் நூற்றாண்டு நூலாசிரியர் சாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதுகிறார். தோல்வியை மண்ணுக்குள் மறைத்தவர் அவர்.

வெற்றி கிடைத்தபின் நடந்தது வேடிக்கையானது. ஷெஃபீல்ட் கத்திக்காரர்கள் அவ்வுருக்கை வாங்க மறுத்தார்கள். 'மிகவும் வைரமாக இருக்கிறது, அடிக்க முடியவில்லை' என்பது அவர்கள் கூற்று. ஹன்ற்ஸ்மன் பிரான்சுக்கு விற்றார். அங்கே செய்யப்பட்ட கத்திகள் திரும்பி இங்கிலாந்துச் சந்தைக்கே வந்து, உள்ளூர்க் கத்திகளைப் பின்தள்ளத் தொடங்கின. அப்போதும் ஷெஃபீல்ட்காரர் உருக்கை வாங்க முன்வராமல், அதன் ஏற்றுமதியைத் தடைசெய்விக்கும்படி தங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் சேர் ஜோர்ஜ் சாவிலிடம் சென்றார்கள் என்றும், 'நீங்கள் அதைப் பயன்படுத்துகிறீர்களா?' என்று வினவி அறிந்த அவர் மறுத்துவிட்டார் என்றும் ஸ்மைல்சின் நூலிலேயே காண்கிறோம். தமது முறைக்கு ஹன்ற்ஸ்மன் காப்புரிமை எடுக்கவில்லை; இரகசியத்தையே காப்பாக நம்பினார். குளிர்கால இரவொன்றில் பிச்சைக்காரர் வேடத்தில் உலைக்களத்தினுள் இடம்கேட்டு நுழைந்த போட்டிக்காரர் ஒருவர், உறங்குவதுபோல் பாவனை செய்து எல்லாவற்றையும் பார்த்துச் சென்றார் என்ற கதை இன்றும் அங்கு வழங்குகிறது. கதை மெய்யோ பொய்யோ, இரகசியம் பரவியது. ஹன்ற்ஸ்மன் 1776 இல் மறைந்தார். அவரது மூசை முறை அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் ஷெஃபீல்டை உலகின் கருவியுருக்குத் தலைநகராக வைத்திருந்தது. பிரித்தானியாவில் வாழும் வாசகர்கள் அந்நகரிலுள்ள அபிடேல் என்னும் இடத்தில் அத்தகைய பழைய மூசை உலையை நேரில் காணலாம். பிள்ளைகளை அழைத்துச் செல்ல ஏற்ற இடம்.

இனிக் கம்பிக்கு வருவோம். உருக்கு ஆயிற்று, அதனை அளவான கம்பியாக்கி வீட்டுப் பட்டறைக்காரனின் கைக்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையான பெயர் பீற்றர் ஸ்ரப்ஸ். 1756 இல் பிறந்து 1806 இல் இறந்த இவர், அக்காலத்தில் லங்காஷயரிலிருந்த வொறிங்ரன் என்னும் ஊரில் அரம் செய்தவர். அதே வேளை மதுச்சாலை ஒன்றையும் நடத்தியவர். இரு தொழிலுக்கும் என்ன தொடர்பு என வாசகர்கள் வியக்கலாம். அரத்தைத் தோய்க்கும்போது அதன் நுண்ணிய பற்கள் தீயில் கருகிவிடாதிருக்க ஏதாவது பசை பூச வேண்டும். பியர் வடித்தபின் அடியில் தங்கும் மண்டி அதற்கு மிகவும் ஏற்றதாயிற்று. இப்படி ஒரு தொழிலின் கழிவு மறுதொழிலின் காப்பானது. லங்காஷயர் பகுதியில் வீடுகளிலிருந்தே கைக்கடிகார உறுப்புகளையும் கருவிகளையும் செய்த குடும்பங்கள் நிறைய இருந்தன. அவர்களின் கருவிகளையும் அரங்களையும் வாங்கி விற்றார் ஸ்ரப்ஸ். துல்லியமான அளவில் இழுக்கப்பட்ட உருக்குக் கம்பிக்கு அவரது குடும்ப நிறுவனம் பேரெடுத்தது. கம்பியின் தடிப்பை எண்ணால் குறிக்கும் அளவை முறைகளும் அப்பெயரால் வழங்கின. பிரான்சில் வாழும் எம்மவர்கள் அங்குள்ள கருவிக் கடையில் இக்கம்பியைக் கேட்கும்போது 'ஸ்ரப்' என்று கேட்டால்தான் கடைக்காரருக்கு விளங்கும். இறந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் வொறிங்ரன் மதுச்சாலைக்காரரின் பெயர் பாரிஸ் கடைத் தட்டில் இருக்கிறது.

ஜேர்மனியிலும் சுவிற்சர்லாந்திலும் 'சில்பர்ஸ்ராள்' என்பார்கள். நோர்வேயிலும் டென்மார்க்கிலும் வெள்ளியுருக்கு என்றே பொருள்படும் அவர்களுடைய சொல் வழங்குகிறது. கனடாவிலோ அமெரிக்காவிலோ வெள்ளியைத் தேட வேண்டாம். 'ட்றில் றொட்' என்று கேட்க வேண்டும். அங்கே நீரில் தோய்ப்பதற்கு ஒன்று, எண்ணெயில் தோய்ப்பதற்கு ஒன்று, காற்றிலேயே வைரமேறுவது ஒன்று என வெவ்வேறு எழுத்தடையாளத்துடன் விற்பார்கள். எது என்று கேளாமல் வாங்கி, எண்ணெயில் தோய்க்க வேண்டியதை நீரில் தோய்த்தால் கருவி வெடித்துவிடக்கூடும். பிரித்தானிய வெள்ளியுருக்கு நீருக்குரியது, ஏறத்தாழ 1.1 வீதம் காபனும் அரை வீதத்துக்கு உட்பட்ட குரோமியமும் கொண்டது; பெரும்பாலும் 333 மில்லிமீற்றர், அதாவது 13 அங்குல நீளத்தில் கிடைக்கும். வெள்ளி என்ற பெயர் அதன் மினுக்கத்தால் வந்ததென்றே கூறப்படுகிறது.

ஆயினும் உருக்கினுள் உண்மையாகவே வெள்ளியைச் சேர்த்துப் பார்த்தவர் ஒருவர் இருந்தார். மின்னியலால் பெயர்பெற்ற மைக்கல் பரடேதான் அவர். கொல்லர் ஒருவரின் மகன் என்பது பலருக்குத் தெரியாது. 1820ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஜேம்ஸ் ஸ்ரொடார்ட் என்ற லண்டன் கத்தித் தொழிலாளருடன் சேர்ந்து உருக்குக் கலவைகளை அவர் ஆராய்ந்தார். ஐந்நூறு பங்கு உருக்குக்கு ஒரு பங்கு வெள்ளி என்பது அவர்கள் கண்ட கலவைகளுள் ஒன்று. அந்த ஆராய்ச்சிக்கு அவர்களைத் தூண்டியது எது என்று பார்க்கும்போதுதான் கதை எமது திசைக்குத் திரும்புகிறது. 'வூட்ஸ்' என்று அவர்கள் அழைத்த இந்திய உருக்கின் இரகசியத்தை அறிவதே அவர்களது நோக்கம்.

பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலனஸ் ஸ்கொற் 1794 இல் அவ்வுருக்கின் கட்டிகளை லண்டனுக்கு அனுப்பினார். 1795 இல் ஜோர்ஜ் பியர்சன் அதுபற்றி றோயல் சொசைற்றியில் கட்டுரை சமர்ப்பித்தார். ஸ்ரொடார்ட் அதனை அடித்துப் பார்த்து, நுண்ணிய வெட்டுக்கருவிகளுக்கு அது இங்கிலாந்து உருக்கினும் மேலானது என்று கூறினார். 'வூட்ஸ்' என்பது 'உக்கு' என்னும் கன்னடச் சொல்லின் திரிபு என்பது பலரது கருத்து. எமது 'உருக்கு' என்னும் சொல்லோடு உறவுடையது என்பாரும் உளர். சொல்லுக்கு உரிமை கொண்டாடுவதை விட, செய்தவர் எவ்வாறு செய்தார் என்று அறிவது பயனுடையது.

அதனைச் சேலம் பகுதியில் கண்டு 1830களில் எழுதி வைத்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். தேனிரும்பைச் சிறு துண்டுகளாக்கி, உலர்ந்த ஆவாரங்கட்டையின் சீவல்களுடன் சிறிய மண்மூசையில் இடுவார்கள். மேலே எருக்கிலை போன்ற பச்சிலையால் மூடுவார்கள். களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபதுக்கு மேற்பட்ட மூசைகளை வளைவாக அடுக்கி, மரக்கரி மூட்டி, துருத்தியால் சில மணிநேரம் ஊதுவார்கள். கட்டையும் இலையும் கரியாகி இரும்புக்குள் ஊறும். மூசையை உடைத்தால் முட்டிபோன்ற சிறிய உருக்குக் கட்டி இருக்கும். ஹன்ற்ஸ்மன் உருக்கியது ஏற்கனவே காபன் ஊறிய பாளத்தை. சேலத்துக் கொல்லர் காபனை ஊட்டுவதையும் உருக்குவதையும் ஒரே மூசைக்குள் செய்தார். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றதற்குச் சான்று இல்லை. ஆனால் எமது பக்கத்து முறையே காலத்தால் மிக மூத்தது. கள்ளக்குறிச்சிப் பகுதியிலுள்ள மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகளின் குவியல்களை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இலங்கையிலும் இத்தொழில் இருந்தது. பலாங்கொடைக்கு அண்மையிலுள்ள சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய உலைகளின் வரிசைகளை ஜில் ஜுலெவ் என்ற ஆய்வாளர் கண்டு, அதுபோன்ற உலையைத் தாமே கட்டி இரும்பெடுத்தும் காட்டினார். அவரது கட்டுரை 1996 இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. மூசையில் உருக்கு ஆக்கிய சிங்களக் கொல்லர்களின் செய்முறையை, அது ஏறக்குறைய மறைந்துபோன வேளையில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுத்தில் பதிவு செய்தவர் ஆனந்த குமாரசுவாமி. கலைமேதையாகவே நாம் அறிந்துள்ள அவர், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுப் பணிக்குத் தலைமை தாங்கிய புவியியலாளர் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும். தந்தைவழியில் அவர் நம்மவர்.

அந்தத் தொழில் ஏன் அழிந்தது? ஆலைகளில் மலிவாக ஆன இங்கிலாந்து இரும்பு கப்பலில் வந்திறங்கியது. மரக்கரிக்கான காடுகள் அரசின் கட்டுப்பாட்டுக்குள் போயின. வாங்குவோர் இல்லாத பொருளின் செய்முறையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க எவருக்கும் காரணம் இருக்கவில்லை. செய்தவர் எழுதவில்லை. எழுதியவர்கள் எல்லோரும் பார்த்துச் சென்றவர்களே. அதனால்தான் மூசையின் அளவு எமக்குத் தெரிகிறது. உலையின் ஒலியைக் கேட்டு உருகியதை அறிந்த அந்தக் காதின் கணக்கு தெரியவில்லை.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகவே கூறுகிறோம். 1868 இல் றொபேர்ட் மஷெற் தங்ஸ்ரன் சேர்த்த உருக்கை ஆக்கினார். நூற்றாண்டின் முடிவில் அமெரிக்காவில் ரெய்லரும் வைற்றும் ஆக்கிய உருக்கு, செந்தணலாய்ப் பழுத்த நிலையிலும் இரும்பை வெட்டியது. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அதைக் கண்டவர்கள் திகைத்தார்கள். தொழிற்சாலைகள் அதன் பின்னே சென்றன. அத்தகைய உருக்கை முறைப்படி வைரமேற்ற 1200 பாகையை எட்டும் உலை வேண்டும். வெள்ளியுருக்குக்கோ ஏறத்தாழ 780 பாகை போதும். ஒரு வாயு விளக்கும் ஒரு வாளித் தண்ணீரும் உள்ளவர் செய்யலாம். வீட்டுப் பட்டறையை விட்டு அது போகாததன் காரணம் இதுவே.

பெரியவர் இரண்டாவது உளியைச் செய்ததை நாம் நேரில் பார்த்தோம். திருத்தகத்தின் பின்புறத்தில், கதவுகளைத் திறந்து வைத்து, விளக்குகளை அணைக்கச் சொன்னார். இருட்டில்தான் தணலின் நிறம் தெரியுமாம். கம்பி சிவந்ததும் கதவோரம் தொங்கிய காந்தத்தை மகன் விளையாட்டாக நீட்டினார், ஒட்டவில்லை. ஏறத்தாழ 770 பாகையில் இரும்பு காந்தத்தை மறந்துவிடும் என்பது பௌதிகம். பெரியவர் அதற்குச் சற்று மேலேயே, நிறத்தை மட்டும் பார்த்து, நேராக நீருக்குள் இறக்கினார். தோய்த்த உளியைக் கல்லில் தேய்த்து வெளுப்பாக்கி, பின்புறத்தை மெல்லச் சூடாக்கினார். நுனியை நோக்கி நிறங்கள் ஊர்ந்து வந்தன. முதலில் வந்ததை 'வைக்கோல்' என்றார்; ஆங்கிலக் கொல்லரும் அதே பெயரைச் சொல்வதை அவர் அறியார். அது 230 பாகை அளவு. அடுத்தது 'பனங்கட்டி'. அதற்கடுத்தது 'கத்தரிப்பூ'. 300 பாகையை அண்டி வருவது 'மயில்கழுத்து'. அது வில்லுக்கு உரியது, உளிக்கு ஆகாது. வைக்கோல் பனங்கட்டியாக மாறுகையில் மீண்டும் நீரில் இட்டார். அந்த உளி இப்போது பேரனிடம் இருக்கிறது. இரண்டு மாதமாகியும் வாய் மடங்கவில்லை.

இதனைச் செய்து பார்க்க விரும்புவோர் வீட்டினுள்ளோ பல்கனியிலோ செய்ய வேண்டாம். துத்தநாகம் பூசிய கம்பியைத் தீயில் காட்டவே கூடாது; அதன் புகை நச்சு. பழைய வில்லுத்தகட்டை உபயோகிப்பதானால் வெடிப்புகள் உள்ளனவா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அந்த நிறங்களின் பெயர்களை நாம் அங்கேயே குறித்துக்கொண்டோம். மகனும் அன்றுதான் அவற்றை முதன்முதலாகக் கேட்டாராம். தீவகத்திலும் வன்னியிலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் கம்மாலை வைத்திருந்தவர்கள் வேறு பெயர்களைச் சொல்லியிருப்பார்கள். உங்கள் வீட்டில் அத்தகைய பெரியவர் எவரும் இருப்பின், தணலுக்கும் தோய்ச்சலுக்கும் அவர் வழங்கும் சொற்களைக் கேட்டு, ஊர்ப்பெயருடன் எமக்கு எழுதி அனுப்புங்கள். கிடைத்தவற்றை இதே பக்கத்தில் வெளியிடுவோம்.